சொட்டும் இடம்

கீழ்ப்பாக்கத்தில் கொடுத்த படிவத்தில்
எப்போதிலிருந்து என்பதற்கு ஒரு கோடு,
காரணம் என்பதற்கு அரைக் கோடு.
பக்கத்தில் இருந்தவர்
தன்னுடையதை நிரப்பிவிட்டு
பேனாவை என்னிடம் நீட்டினார்.

தூக்கமில்லை என்று எழுதினேன்.
அது காரணமில்லையே என்றாள் நர்ஸ்.
அடித்துவிட்டு, தூக்கம் அதிகம் என்று எழுதினேன்.
அதுவும் உண்மைதான்.

நெல்சன் போனது ஏப்ரலில்,
ரெட்டேரி சிக்னலுக்கு இந்தப் பக்கம்.
வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்தார்கள்.
அவன் மனைவியின் தலையைத் தடவினார்கள்.
என்னிடம், "நீதான் பார்த்துக்கணும்" என்றார்கள்.
பார்த்துக்கொண்டேன்.
பெட்டிக்கு அட்வான்ஸ்,
இன்சூரன்ஸுக்குப் பதினொரு நகல்,
வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுக்க ஒரு கையெழுத்து.
அக்காவுக்கு எத்தனை நாள் லீவு என்று
எங்கள் ஆபீஸ் விதியில் இல்லை.
மூன்று நாள் கொடுத்தார்கள், பெருந்தன்மையாக.
நான் அழாததற்கு
தைரியம் என்று பெயர் வைத்தார்கள்.

பதினொரு மாதம் கழித்து
ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமை
புரசைவாக்கத்தில் இறங்க வேண்டியவள்
இறங்கவில்லை.
பஸ் பாரிமுனை வரை போய் இன்ஜினை அணைத்தது.
சில்லறையை எண்ணி முடித்த கண்டக்டர்
"கடைசி ஸ்டாப்புமா" என்றார்.
தெரியும்.
எழுந்திருக்கத்தான் தெரியவில்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னவர்.
தைராய்டு பார்க்கலாம் என்றார்.
வீட்டில் யாருக்காவது இப்படி?
ரூபி அத்தை இரண்டு வருஷம்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொழுப்பு.
சின்ன வயதில் ஏதாவது?
அப்பா குடித்துவிட்டு வரும் செருப்புச் சத்தம்.
ஒரே போர்வைக்குள்
நானும் நெல்சனும் மூச்சை அடக்கிக்கொள்வோம்.
யார் முதலில் மூச்சு விடுகிறார்களோ
அவர்கள் தோற்றார்கள்.
அந்த ஆட்டம் தெரிந்த இன்னொரு ஆள்
இப்போது இல்லை.
இதைச் சொல்லவில்லை.
"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.
ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றார்,
எழுதிக்கொண்டே.

அந்த வாரம்தான்
கொளத்தூர் வீட்டில் ஹால் சீலிங் சொட்டியது.
பிளம்பர் தயாளன் வந்து
வாளியைப் பார்த்தார், கறையைப் பார்த்தார்.
"சொட்ற எடத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.
தண்ணி கம்பியப் புடிச்சிக்கினு
எங்கியோ நடந்து எங்கியோ வந்து உழும்.
மேல்வூட்டு பாத்ரூமோ, மொட்டமாடி வெடிப்போ,
போன மழையோ, அதுக்கு முந்துன மழையோ.
தட்டித்தான் பாக்கணும்."

ஸ்டூல் ஆடியது.
"புடிக்க ஆம்பள யார்னா கீறாங்களா?"

"தம்பி வருவான்" என்றேன்.

சீலிங்கிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.
அவன் நம்பருக்கு
எண்பத்துநாலு நாளைக்கு ஒருமுறை
ரீசார்ஜ் செய்கிற கைகளால்
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.
பூச்சுத் தூள் முகமெல்லாம் விழுந்தது.
அழுதேன்.
அசிங்கமாக, மூக்கு ஒழுக,
பஸ் ஸ்டாண்டில் குழந்தை அழுவதுபோல.
மேலே சுத்தியல் நின்றது.
அவர் குனிந்து பார்க்கவில்லை.
"வுடாம புடிச்சுக்கோமா" என்றார்.
வெகுநேரம் கழித்து
மறுபடி தட்டினார், மெதுவாக.

போகும்போது சொன்னார்:
"அடைச்சாலும் உள்ள காய ஆறு வாரம் ஆவும்.
அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சுடாதீங்க."
மாத்திரைக்கு டாக்டரும்
ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொல்லியிருந்தார்.

இது மூன்றாவது வாரம்.
கறையின் ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.
வெயிலாகவும் இருக்கலாம்.
வாளியை இன்னும் எடுக்கவில்லை.

அந்த அரைக் கோட்டைக் காலியாகவே விட்டேன்.
அவருடைய பேனாவைத்
திருப்பிக் கொடுக்கவும் மறந்துவிட்டேன்.
பையில் கிடக்கிறது.
அவர் என்ன எழுதியிருப்பார் என்று
சில சமயம் யோசிக்கிறேன்.